த்ராட்டில் எந்தக் கையில பாஸ்?

மூணு மாசம் கண்ணு முழிச்சு வெட்டி, ஒட்டி, சாலிடர் வெச்சு உருவாக்கின விமானம் மூணே செகண்ட்ல மண்ணைக் கவ்வுறதைப் பார்த்திருக்கீங்களா? நான் பார்த்திருக்கேன்!

காலேஜ் கிரவுண்ட். காலை ஆறு மணி. இலை அசையாத காத்து. ரிமோட் என் கையில். ஜப்பான்ல வேலை பார்த்துட்டுத் திரும்பின சித்தப்பா தந்த செகண்ட் ஹேண்ட் செட் அது. ஒரு மாசமா ஹாஸ்டல் ரூம்ல அதை கம்ப்யூட்டரோட இணைச்சு, சிமுலேட்டர்ல பறந்து பழகியிருந்தேன். எதுக்கும் இருக்கட்டும்னு பக்கத்துல நம்ம சீனியர் அண்ணன். நாலு வருஷமா விமானம் விடுறவர்.

டேக் ஆஃப் சூப்பர். முதல் திருப்பம் ஓகே. ரெண்டாவது திருப்பத்துல றெக்கை ரொம்பச் சாய, மூக்கு தரையைப் பார்க்க ஆரம்பிச்சுது. கை உதறுது.

"அண்ணா... போச்சுண்ணா!"

"குடுடா இப்படி!"

ரிமோட் கை மாறிச்சு. அண்ணன் வலது ஸ்டிக்கைத் தன் பக்கம் இழுத்தார். விமானம் மூக்கை நிமிர்த்தணும். ஆனா, மோட்டார்தான் நின்னுச்சு. மூக்கு அப்படியே கீழே... டமால்!

ரிமோட்ல கோளாறு இல்லை. விமானத்துல கோளாறு இல்லை. அண்ணனோட கைலயும் கோளாறு இல்லை. என் ரிமோட் 'மோடு 1'. அவர் பழகினது 'மோடு 2'. அவ்ளோதான் விஷயம்!

நாலு வேலை... ரெண்டு ஸ்டிக்!

ஆர்.சி. விமானத்தை ஓட்ட நாலு கன்ட்ரோல் வேணும். வேகத்துக்கு த்ராட்டில். மூக்கை ஏத்தி இறக்க எலிவேட்டர். றெக்கையைச் சாய்க்க அய்லரான். மூக்கை இடம் வலமாத் திருப்ப ரட்டர். ரிமோட்ல இருக்குறதோ ரெண்டே ஸ்டிக். ஒவ்வொண்ணும் மேல கீழே, இடம் வலம்னு ரெண்டு வேலை பார்க்கும். எந்த வேலையை எந்தக் கைக்குக் கொடுக்குறதுங்கிற கணக்குதான் 'மோடு'.

மோடு 2: இடது கையில த்ராட்டிலும் ரட்டரும். வலது கையில எலிவேட்டரும் அய்லரானும்.

மோடு 1: இடது கையில எலிவேட்டரும் ரட்டரும். வலது கையில த்ராட்டிலும் அய்லரானும்.

மோடு 2-ஐக் கண்ணாடியில பார்த்தா மோடு 3. மோடு 1-ஐக் கண்ணாடியில பார்த்தா மோடு 4. இந்த ரெண்டையும் பயன்படுத்துறவங்க ரொம்பக் கம்மி.

இப்போ புரியுதா? அண்ணன் எலிவேட்டர்னு நினைச்சு இழுத்தது, என் செட்ல த்ராட்டில். எலிவேட்டர் இருந்த இடது ஸ்டிக்கை அவர் தொடவே இல்லை!

எது பெஸ்ட்?

கேன்டீன்ல இந்தப் பேச்சை ஆரம்பிச்சா டீ ஆறிப்போகும். மோடு 2 ஆளுங்க என்ன சொல்வாங்க? "நிஜ விமானத்துல ஜாய்ஸ்டிக் மாதிரி, றெக்கையும் மூக்கும் ஒரே கையில இருக்கு. ஹெலிகாப்டர் பைலட்டுக்கும் இடது கையில கலெக்டிவ், வலது கையில சைக்ளிக். எங்க மோடுலயும் அதே கதைதான்!"

மோடு 1 ஆளுங்க விடுவாங்களா? "அய்லரானும் எலிவேட்டரும் வேற வேற கையில இருந்தா, ஒண்ணை அசைக்கும்போது இன்னொண்ணு தெரியாம அசையாது. சாகசம் பண்ண சுத்தமா இருக்கும்!"

ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. ரெண்டு மோடுலயும் கில்லாடிகளும் இருக்காங்க. ஜப்பான்ல மோடு 1 ரொம்ப சகஜம். அமெரிக்காவுல மோடு 2. நம்ம ஊர் கிளப்புகள்லயும் பெரும்பாலும் மோடு 2-தான். "நான் லெஃப்ட் ஹேண்டர், எனக்கு மோடு 3 தானே?"ன்னு கேட்டா, கட்டாயம் இல்லை. ரெண்டு கைக்கும் வேலை இருக்கு. மோடு 2-ல ஜாலியா பறக்குற இடது கைக்காரங்க நிறைய.

அப்போ எதைத் தேர்ந்தெடுக்குறது? உங்களுக்குக் கத்துக்கொடுக்கப்போறவர் எந்த மோடோ, அதை! உங்க விமானம் மூக்குக் குப்புற வரும்போது காப்பாத்தப்போறது அவர் கைதானே? அந்த நேரத்துல மூளை யோசிக்காது. விரல்தான் ஓடும். விரலுக்கு ஒரே ஒரு மோடுதான் தெரியும்.

டீமா போட்டிக்குப் போறவங்களுக்கு இது இன்னும் முக்கியம். குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களோட 'தக்ஷா' டீமுக்கு 2018-ல அஜித் ஆலோசகரா இருந்தார். அதே வருஷம் ஆஸ்திரேலியாவுல நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் போட்டியில அந்த டீம் ரெண்டாவது இடம். உங்களுக்கும் அப்படி ஒரு கனவு இருந்தா, முதல் நாளே டீம் மொத்தமும் ஒரே மோடுன்னு முடிவு பண்ணிடுங்க. பைலட்டுக்குக் காய்ச்சல் வந்தா ரிமோட் இன்னொருத்தர் கைக்குப் போகணுமே!

மாத்த முடியுமா?

முடியும். ஆனா, மெனுவுல 1-ஐ 2-ஆ மாத்தினா மட்டும் பத்தாது. மத்த கன்ட்ரோலை விட்டா, ஸ்பிரிங் இழுத்து நடுவுக்கு வந்துடும். விமானத்துக்கான செட்ல த்ராட்டில் மட்டும் வெச்ச இடத்துல நிக்கும். அதனால, பல செட்கள்ல பின் மூடியைக் கழட்டி அந்த ஸ்பிரிங்கையும் இடம் மாத்தணும். வாங்கும்போதே அட்டைப்பெட்டியில எந்த மோடுன்னு பார்த்துட்டா இந்தத் தலைவலி இல்லை. கேமரா ட்ரோன்கள் பலதுல ரெண்டு ஸ்டிக்குமே நடுவுக்கு வந்துடும். அங்கே செட்டிங்ஸ்ல மாத்தினாலே போதும்.

மோடு வேறயா இருந்தாலும் குரு, சிஷ்யன் சேர்ந்து பறக்க ஒரு வழி இருக்கு. 'பட்டி பாக்ஸ்'! ரெண்டு ரிமோட்டை இணைச்சுடுவாங்க. சுவிட்சை விட்டா கன்ட்ரோல் குருகிட்ட போயிடும். ரெண்டும் ஒத்துப்போற செட்டா, சேனல் வரிசையும் ஒண்ணா இருந்தா, அவரவர் மோடுலயே ஓட்டலாம்.

கிளம்புறதுக்கு முன்னாடி...

ப்ரொப்பெல்லரைக் கழட்டிட்டு செக் பண்ணுங்க. அய்லரான் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினா வலது அய்லரான் மேலே வரணும். எலிவேட்டர் ஸ்டிக்கை உங்க பக்கம் இழுத்தா எலிவேட்டர் மேலே வரணும். அடுத்தவர் ரிமோட்டைத் தொடும் முன்னாடி "மோடு என்ன?"ன்னு கேளுங்க. ஏர்போர்ட் ஏரியாவுல அனுமதி இல்லாம பறக்கவே விடாதீங்க. ஆளுங்க தலைக்கு மேலயும் வேண்டாம். அன்னைக்கு கிரவுண்ட்ல யாரும் வாக்கிங் வரலை. வந்திருந்தா, உடைஞ்சது விமானம் மட்டுமா இருந்திருக்காது.

நான் என்ன பண்ணினேன்? மோடு 2-க்கு மாறினேன். பழகின விரல் லேசுல கேட்குமா? சிமுலேட்டர்ல ரெண்டு வாரம் தினமும் விழுந்தேன். அங்கே விழுந்தா செலவு இல்லையே! அதுக்கப்புறம்தான் புது றெக்கை ஒட்டி கிரவுண்டுக்குப் போனோம்.

இப்போ எங்க கிளப் ரிமோட் எல்லாத்துலயும் வெள்ளை டேப் ஒட்டி 'மோடு 2'ன்னு பெருசா எழுதியிருக்கோம். எழுதினது யார் தெரியுமா? அந்த சீனியர் அண்ணன்தான்!