பழைய கணினிகள், பழைய போர்கள் – 12: அட்டாரி 800-இல் கிழக்கு முனை

அட்டாரி 800, 1979-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்த வீட்டுக் கணினி. 'ஈஸ்டர்ன் ஃபிரன்ட் (1941)', அந்தக் கணினிக்காக கிறிஸ் கிராஃபோர்டு எழுதி 1981-இல் வெளியான போர் வியூக ஆட்டம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தின் மீது படையெடுத்ததுதான் அதன் களம். கணினியையும் ஆட்டத்தையும் சேர்த்துப் பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. அட்டாரியின் முக்கியமான சிப்புகள் அனைத்துக்கும் இந்த ஆட்டத்தில் வேலை இருக்கிறது. அதனால் எந்த சிப் எதற்கு என்று தெரிந்தவருக்கு, கணினியில் எங்கே பழுது என்பதை ஆட்டமே காட்டிக்கொடுத்துவிடும்.

நான்கு துணை சிப்புகள்

அட்டாரி 800-இன் மையச் செயலி 6502. அமெரிக்க மாதிரியில் அது ஏறத்தாழ 1.79 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும். அன்றைய வேறு பல வீட்டுக் கணினிகளிலும் இதே செயலிதான் இருந்தது. அட்டாரியின் தனித்தன்மை அதைச் சுற்றியிருந்த துணை சிப்புகளில் இருந்தது.

ஆன்டிக் என்ற சிப் தனக்கான கட்டளைப் பட்டியலை நினைவகத்திலிருந்து தானே படித்துத் திரையை அமைக்கும். திரைப் படத்தைப் புள்ளி புள்ளியாக நகர்த்தும் வசதியும் இதில்தான் உண்டு. ஜிடிஐஏ என்ற சிப் (முதலில் வந்த கணினிகளில் சிடிஐஏ) நிறங்களைக் கவனிக்கும். ஸ்டார்ட், செலக்ட், ஆப்ஷன் ஆகிய மூன்று பொத்தான்களையும், ஜாய்ஸ்டிக்கின் சுடும் பொத்தானையும் படிப்பது அதுவே. ஒலி, கீபோர்டு, கேசட்டும் டிஸ்க் டிரைவும் இணையும் தொடர்நிலைத் தடம் ஆகியவை போக்கி சிப்பின் பொறுப்பு. தற்செயல் எண்களையும் அதுவே தரும். ஜாய்ஸ்டிக் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் படிப்பது பிஐஏ.

ஆட்டம்

கிராஃபோர்டு இயற்பியல் படித்து, கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு 1979-இல் அட்டாரி நிறுவனத்தில் சேர்ந்தவர். பெரிய வரைபடம் ஒன்றைத் திரையில் வழுக்கிக்கொண்டு போவதுபோல் நகர்த்திக் காட்டும் செயல்விளக்க நிரலை முதலில் எழுதினார். அந்த வரைபடமே பின்னர் ரஷ்யப் போர்க்களமானது. பயனர்கள் எழுதும் நிரல்களைப் பட்டியல் அச்சிட்டு அஞ்சலில் விற்பதற்காக நிறுவனம் 'அட்டாரி புரோகிராம் எக்ஸ்சேஞ்ச்' என்ற பிரிவை நடத்திவந்தது. ஆட்டம் அதன் வழியாகவே வெளிவந்தது. கேசட்டில் வந்த பதிப்புக்கு 16 கிலோபைட் நினைவகமே போதும்.

ஆட்டக்காரர் ஜெர்மன் தரப்பு, கணினி சோவியத் தரப்பு. 1941 ஜூன் 22 அன்று தொடங்கும் ஆட்டத்தில் ஒரு முறை என்பது ஒரு வாரம். வெள்ளை அடையாளங்கள் ஜெர்மன் படைகள், சிவப்பு அடையாளங்கள் சோவியத் படைகள். குறிச்சட்டத்தை ஒரு படைப்பிரிவின் மேல் கொண்டுபோய் ஜாய்ஸ்டிக் பொத்தானை அழுத்தினால் அதன் பெயரும் வலிமையும் கீழே தெரியும். பொத்தானை விடாமல் ஜாய்ஸ்டிக்கைச் சாய்த்தால் நகர்வு ஆணைகள் பதியும். ஒரு பிரிவுக்கு அதிகபட்சம் எட்டு ஆணைகள். எல்லாம் முடிந்ததும் ஸ்டார்ட் பொத்தானை அழுத்த வேண்டும்.

அதன் பிறகு இரு தரப்பும் ஒரே நேரத்தில் நகரும். ஒரு வாரம் 32 சிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சமவெளியில் போகும் படை விரைவாகவும், காடு, சதுப்பு, ஆறு ஆகியவற்றைக் கடக்கும் படை தாமதமாகவும் அடுத்த கட்டத்தை அடையும். இதனால் தாளில் சரியாகத் தெரியும் திட்டம் களத்தில் பிசகும். இரண்டு டாங்கிப் பிரிவுகள் ஒரே சமயத்தில் போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டிருந்தால், ஒன்று சதுப்பில் சிக்கி நிற்கும். மற்றது தனியாகப் போய் எதிரியிடம் மாட்டிக்கொள்ளும்.

ஆட்டத்தின் உயிர்நாடி தளவாட வழங்கல்தான். படைப்பிரிவுக்குப் பின்னால் வழங்கல் பாதை திறந்திருக்க வேண்டும். எதிரி அதை அடைத்துவிட்டால் போர் வலிமை சரியும். சோவியத் படையை நேருக்கு நேர் மோதித் தேய்ப்பதைவிட, சுற்றிவளைத்து வழங்கலைத் துண்டிப்பதே பலன் தரும். வரலாற்றில் 1941 செப்டம்பரில் கீவ் நகருக்குக் கிழக்கே நடந்ததும் இதுவே.

இலையுதிர் காலம் வந்ததும் திரையில் நிலத்தின் நிறம் மாறும். சேற்றில் வழங்கல் தடுமாறும். பிறகு பனி, ஆறுகள் வடக்கிலிருந்து தெற்காக உறையும். கிழக்கே போகப் போக ஜெர்மன் படைக்கு வழங்கல் கிடைக்கும் வாய்ப்பு குறையும். கோடையில் கண்மூடி முன்னேறியவர் டிசம்பரில் பின்வாங்க நேரும். பனிக்கு முன்பே நின்று, இடைவெளி இல்லாத வரிசையை அமைப்பவருக்குத்தான் நல்ல மதிப்பெண். உச்ச மதிப்பெண் 255, அதாவது ஒரு பைட்டில் அடங்கும் மிகப்பெரிய எண்.

எதிரி யோசிக்கும் நேரம்

இந்த ஆட்டத்தின் மிகச் சிறந்த நுட்பம் திரையில் தெரியாது. தொலைக்காட்சித் திரை நொடிக்கு 60 முறை மேலிருந்து கீழாக வரையப்படுகிறது. ஒரு முறை வரைந்து முடித்து, கதிர் மீண்டும் மேலே போகும் சிறு இடைவெளியில் செயலிக்கு ஒரு குறுக்கீட்டுச் சைகை வரும். ஜாய்ஸ்டிக்கைப் படிப்பது, வரைபடத்தை நகர்த்துவது, ஆணைகளைப் பதிவது என ஆட்டக்காரர் சம்பந்தப்பட்ட வேலைகள் அனைத்தையும் கிராஃபோர்டு இந்தக் குறுக்கீட்டுக்குள் வைத்தார். மீதி நேரம் முழுவதும் சோவியத் தளபதிக்கு.

ஆட்டக்காரர் தாடையைத் தடவிக்கொண்டு யோசிக்கும் நேரத்தில் கணினி சும்மா இருப்பதில்லை. தன் படைகளின் நகர்வைத் திட்டமிட்டு, அதை மறுபடி மறுபடி திருத்திக்கொண்டே இருக்கும். ஆட்டக்காரர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறாரோ, எதிரியின் திட்டமும் அவ்வளவுக்குக் கூர்மையாகும். ஸ்டார்ட் அழுத்தியதும் காத்திருக்காமல் படைகள் நகரத் தொடங்கும். எதிரியின் முறை வந்தால் ஆட்டக்காரர் வெகுநேரம் காத்துக்கிடப்பதே அன்றைய போர் ஆட்டங்களில் வழக்கமாக இருந்தது. அதற்கு இது பெரிய மாற்றம். கிராஃபோர்டு ஆட்டத்தின் மூல நிரலையும் பின்னர் வெளியிட்டார். பலர் அதைப் படித்து நிரலெழுதக் கற்றார்கள்.

முதலில் மின்சாரம்

பல பத்தாண்டுகள் பரணில் கிடந்த கணினியை எடுத்தவுடன் மின்சாரம் கொடுக்கக் கூடாது. முதலில் பார்க்க வேண்டியது அடாப்டர். அட்டாரி 400, 800 மாதிரிகளுக்கு 9 வோல்ட் மாறுதிசை மின்சாரம் வேண்டும். பின்னாளில் வந்த 800 எக்ஸ்எல் மாதிரிக்கு 5 வோல்ட் நேர்திசை மின்சாரம். அமெரிக்காவில் வாங்கிய அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது. அதை நம் வீட்டு 230 வோல்ட் பிளக்கில் நேரே செருகினால் எரிந்துபோகும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

800 எக்ஸ்எல்லுடன் வந்த அடாப்டர்களில் ஒரு வகை, உள்ளே பிசின் ஊற்றி முழுக்க அடைக்கப்பட்டது. அது பழுதானால் 5 வோல்ட்டுக்கு மேல் கொடுத்து நினைவக சிப்புகளைக் கொன்றுவிடும். பிரித்துப் பழுதுபார்க்கவும் முடியாது. மல்டிமீட்டரில் 5.25 வோல்ட்டைத் தாண்டினால் அந்த அடாப்டரை ஒதுக்கிவிட வேண்டும். இந்த வகை அடாப்டர் சரியான அளவைக் காட்டினாலும் புதியது வாங்குவதே நல்லது.

800 மாதிரியில் பலரை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. கார்ட்ரிட்ஜ் செருகும் இடத்தின் மூடி திறந்திருந்தால் மின்சாரம் தானாகத் துண்டிக்கப்படும். விளக்கு எரியவில்லை என்றால் உள்ளே பிரிப்பதற்கு முன் அந்த மூடி முழுதாக அழுந்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிறகு போர்டுகள்

விளக்கு எரிந்தும் திரையில் எதுவும் வராவிட்டால் அடுத்த சந்தேகம் இணைப்புகள் மீது. 800-இன் மேல்மூடியைக் கழற்றினால் நான்கு ஸ்லாட்கள் தெரியும். முன்னால் இருப்பதில் 10 கிலோபைட் இயங்குதள ரோம். மற்ற மூன்றில் ரேம் போர்டுகள். இந்தப் போர்டுகளின் விளிம்பு இணைப்புகளில் காலப்போக்கில் படியும் அழுக்கும் ஆக்சைடும்தான் பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம். மின்சாரத்தைத் துண்டித்து, போர்டுகளை உருவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, அதே வரிசையில் திரும்பச் செருக வேண்டும். ரப்பரால் தேய்ப்பது தங்கப் பூச்சைக் கெடுக்கும்.

அப்படியும் சரியாகாவிட்டால், ரோமுக்கு அடுத்த ஸ்லாட்டில் ஒரே ஒரு 16 கிலோபைட் போர்டை மட்டும் வைத்துப் பார்க்கலாம். மூன்றையும் ஒவ்வொன்றாக மாற்றினால் கெட்டுப்போனது எது என்று தெரிந்துவிடும். ஒரு போர்டு நல்லதாக இருந்தாலே கேசட் பதிப்பை ஆடிவிடலாம்.

கார்ட்ரிட்ஜ் இல்லாமல் இயக்கும்போது திரையில் 'மெமோ பேட்' என்ற வரி வந்தால் செயலி, ரோம், ஆன்டிக், ஜிடிஐஏ ஆகியவை அடிப்படையில் நலம். பேசிக் கார்ட்ரிட்ஜைச் செருகி, 'பிரிண்ட் எஃப்ஆர்இ(0)' என்று ஆங்கில எழுத்துகளில் தட்டினால் மீதமுள்ள நினைவகம் தெரியும். டிஸ்க் டிரைவ் இணைக்காத 16 கிலோபைட் கணினியில் 13326, முழு 48 கிலோபைட் கணினியில் 37902. எண் குறைந்தால் ஏதோ ஒரு போர்டு கணக்கில் வரவில்லை என்று பொருள். 800 எக்ஸ்எல்லில் பேசிக் உள்ளேயே இருக்கிறது. அதில் 'பை' என்று தட்டினால் சுயபரிசோதனைத் திரை வரும். நினைவகத்தின் நல்ல பகுதிகள் பச்சையாகவும் கெட்டவை சிவப்பாகவும் தெரியும்.

ஆணை கேட்காத ஜாய்ஸ்டிக்

படைப்பிரிவு சொன்ன பக்கம் போகவில்லை என்றால் குற்றம் ஆட்டக்காரர் மீது இல்லாமலும் இருக்கலாம். பேசிக்கில் 'பிரிண்ட் ஸ்டிக்(0)' என்று தட்டினால், ஜாய்ஸ்டிக் சாயாமல் நிற்கும்போது 15 வர வேண்டும். மேலே சாய்த்தால் 14, கீழே 13, இடப்பக்கம் 11, வலப்பக்கம் 7. 'ஸ்ட்ரிக்(0)' பொத்தான் அழுந்தியிருந்தால் 0, இல்லையென்றால் 1.

இரண்டு சோதனைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வேறு ஜாய்ஸ்டிக் போட்டும் திசைகள் மட்டும் தவறினால் பிஐஏ சிப்பைச் சந்தேகிக்கலாம். திசைகள் சரியாக இருந்து சுடும் பொத்தானும் ஸ்டார்ட் பொத்தானும் சேர்ந்து வேலை செய்யாவிட்டால் சந்தேகம் ஜிடிஐஏ மீது திரும்பும். வரைபடம் ஓடாமல் கலைந்தால் ஆன்டிக். ஆணையை அழிக்கும் ஸ்பேஸ் பாரும் ஒலியும் ஒருசேரப் போனால் போக்கி. 800-இல் இந்த சிப்புகள் சாக்கெட்டில் இருப்பதால், நல்ல சிப் ஒன்றை மாற்றி வைத்து உறுதி செய்துகொள்ளலாம்.

கேசட்டும் டிஸ்க்கும்

கேசட்டிலிருந்து ஆட்டத்தை ஏற்ற, ஸ்டார்ட் பொத்தானை அழுத்தியபடி கணினியை இயக்க வேண்டும். ஒரு 'பீப்' கேட்டதும் ரெக்கார்டரில் பிளே பொத்தானை அழுத்தி, கீபோர்டில் ரிட்டர்ன் விசையைத் தட்ட வேண்டும். பாதியில் நின்றால், ரெக்கார்டரின் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும் அல்லது ஹெட்டில் அழுக்கு இருக்கும். புதிய பெல்ட்டும் ஆல்கஹால் துடைப்பும் பெரும்பாலும் போதும். பிழை எண் 143 வந்தால் படித்த தரவின் கூட்டுச் சரிபார்ப்பு பொருந்தவில்லை என்று அர்த்தம்.

டிஸ்க்கில் ஆடுபவர் முதலில் டிரைவை இயக்கி, டிஸ்க்கைச் செருகி, பிறகே கணினியை இயக்க வேண்டும். அட்டாரி 810 டிரைவ் ஒரு டிஸ்க்கில் 128 பைட் கொண்ட 720 துண்டுகளைப் பதியும். மொத்தம் 92,160 பைட். டிஸ்க் நிமிடத்துக்கு 288 முறை சுழல வேண்டும். மற்றக் கணினிகளின் டிரைவ்கள் பெரும்பாலும் 300 முறை சுழல்பவை. அந்தப் பழக்கத்தில் வேகத்தை 300-க்குத் திருகி வைப்பவர்களும் உண்டு. வேகம் பிசகினால் 'பூட் எரர்' என்ற வரி திரையில் அடுக்கடுக்காக வரும். பிழை எண் 138 என்றால் டிரைவ் பதிலே தரவில்லை. கேபிளையும் மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். 144 என்றால் டிரைவ் பேசுகிறது, ஆனால் டிஸ்க்கின் அந்தத் துண்டைப் படிக்க முடியவில்லை.

800 எக்ஸ்எல்லில் ஏற்றும்போது ஆப்ஷன் பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் உள்ளிருக்கும் பேசிக் விலகி நினைவகம் முழுவதும் கிடைக்கும். பழைய இயங்குதளத்தை நம்பி எழுதப்பட்ட சில நிரல்கள் எக்ஸ்எல்லில் ஓடாததால், அட்டாரியே 'டிரான்ஸ்லேட்டர்' என்ற டிஸ்க்கை வெளியிட்டது.

டிரைவைச் சரிசெய்ய முடியாதவர்களுக்கு, எஸ்டி கார்டிலிருந்து டிஸ்க் போலவே தரவு தரும் 'எஸ்ஐஓ2எஸ்டி', 'ஃபுஜிநெட்' ஆகிய கருவிகள் இருக்கின்றன. கணினியே இல்லாதவர்கள் 'ஆல்டிரா' போன்ற எமுலேட்டரில் ஆடலாம். அமெரிக்க மாதிரியின் 60 ஹெர்ட்ஸ் அமைப்பையே தேர்ந்தெடுத்தால் ஆட்டத்தின் அசல் வேகம் கிடைக்கும்.

பிறகு நடந்தது

கணினி ஆட்ட வடிவமைப்பு குறித்து கிராஃபோர்டு எழுதிய நூல் 1984-இல் வெளியானது. 1985-இல் அவர் வெளியிட்ட 'பேலன்ஸ் ஆஃப் பவர்', அணு ஆயுதப் போரை மூளவிடாமல் காப்பதையே நோக்கமாகக் கொண்ட ஆட்டம். 1988-இல் தன் வீட்டு வரவேற்பறையில் ஆட்ட வடிவமைப்பாளர்களைக் கூட்டினார். இன்று ஆண்டுதோறும் நடக்கும் பெரிய மாநாடு அதிலிருந்து வளர்ந்ததே.

கிழக்கு முனையில் சோவியத் ஒன்றியம் மட்டும் ஏறத்தாழ 2.7 கோடி உயிர்களை இழந்தது. ஆட்டத்தில் அந்தக் கணக்கு இல்லை. அதில் இருப்பது தூரம், சேறு, பனி, வழங்கல் ஆகியவற்றின் கணக்கு. அந்தக் கணக்கை 16 கிலோபைட்டுக்குள் இவ்வளவு நேர்மையாகப் போட்ட ஆட்டம் அக்காலத்தில் அரிது. பழைய அட்டாரி கையில் கிடைத்தவர்கள் அதை எடைக்குப் போடுவதற்கு முன் அடாப்டரை அளந்து, போர்டுகளைத் துடைத்துப் பார்க்கட்டும். பெரும்பாலான கணினிகள் அந்த இரண்டிலேயே எழுந்துவிடும்.

(தொடரும்)