கூப்பிடு தூரம்

சொல்வழிப் பயணம் – 17

என்னிடம் ஆங்கிலம் கற்க வரும் கல்லூரி மாணவி ஒருத்தி, சென்ற வாரம் செய்தித்தாளில் ஒரு வரியை வாசித்துத் தமிழில் பொருள் சொன்னாள். ‘ஸோ ஃபார், நோ ஒன் ஹேஸ் கம்ப்ளெய்ண்ட்’ என்பது அந்த வரி. “ரொம்ப தூரம்கிறதால யாரும் புகார் கொடுக்கல” என்றாள். ‘ஸோ’ அவளுக்குத் தெரியும், ‘ஃபார்’ என்றால் தொலைவு என்றும் தெரியும். இரண்டும் சேர்ந்தால் ‘இதுவரை’ என்று பொருள் மாறிவிடுவதுதான் தெரியவில்லை.

“இவ்வளவு தூரம் சொல்லியும் கேக்கலையேன்னு உங்க அம்மா என்னிக்காவது கோபப்பட்டிருக்காங்களா?” என்று கேட்டேன். தலையாட்டினாள். “அதுல தூரம் எங்கேம்மா இருக்கு?” என்றேன். ஒரு நொடி யோசித்தாள். முகம் மலர்ந்தது.

தூரத்தைச் சொல்லும் சொல்லாலேயே காலத்தையும் அளவையும் சொல்லிவிடும் வழக்கம் தமிழில் ஊறிக் கிடக்கிறது. ‘விஷயம் இவ்வளவு தூரத்துக்கு வந்துவிட்டதா?’ என்கிறோம். கூட்டத்தைப் பார்த்து ‘கிட்டத்தட்ட நூறு பேர்’ என்கிறோம். அந்தக் ‘கிட்ட’ என்பதும் பக்கத்தைக் குறிக்கும் சொல்தான். ‘நியர்’ என்ற சொல்லிலிருந்து ஆங்கிலம் ‘நியர்லி’யை உண்டாக்கிக்கொண்டதும் இதே முறையில்தான். அளவின் தரத்தைக் குறிக்கும் ‘டிகிரி’யின் வேர், லத்தீன் மொழியில் காலடி, படி என்று பொருள்படும் ‘கிராடுஸ்’. நாமும் ‘அவனைவிட இவன் ஒரு படி மேல்’ என்றுதானே சொல்கிறோம்?

இது பிடிபட்டுவிட்டால், நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம் ஒன்று சரியாகிவிடும். ‘வெரி குட்’ சரி. ‘வெரி பெட்டர்’ தவறு. ஏன்? ‘வெரி’ என்பது பழைய பிரெஞ்சில் ‘உண்மையான’ என்று பொருள் தந்த சொல். ‘வெரி குட்’ என்றால் ‘மெய்யாகவே நல்லது’ என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். ‘பெட்டர்’ அப்படித் தனியாக நிற்கும் சொல் அல்ல. அதில் இரண்டு பேரோ இரண்டு பொருளோ இருக்கும். நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி எவ்வளவு என்று சொல்லத்தான் ‘மச் பெட்டர்’, ‘ஃபார் பெட்டர்’. எல்லோரையும் வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டு முன்னே நிற்பவரை ‘பை ஃபார் தி பெஸ்ட்’ என்பார்கள்.

‘ஃபார் ஃப்ரம் ஈஸி’ என்ற தொடரில் கவனம் வேண்டும். சுலபத்திலிருந்து தொலைவில் இருக்கிறது, அதாவது சுலபமே இல்லை. ‘நாட்’ என்ற சொல் கண்ணில் படாததால் பலர் நேர்மாறாகப் பொருள் கொண்டுவிடுகிறார்கள். தேர்வில் மதிப்பெண் போவதைவிட, ஓர் ஒப்பந்தத்தையோ மருத்துவக் குறிப்பையோ இப்படித் தவறாகப் படிப்பது பெரிய ஆபத்து.

‘டூ’ என்ற சொல்லும் அப்படித்தான். திசையைக் காட்டும் ‘டு’ அழுத்தம் பெற்று நீண்டதே இந்த ‘டூ’. ‘வெரி ஹாட்’ என்றால் காபி நல்ல சூடு. ‘டூ ஹாட்’ என்றால் வாயில் வைக்க முடியாத சூடு. வேண்டிய எல்லையைத் தாண்டிவிட்டது என்பதே ‘டூ’வின் பொருள். பாராட்டும் இடத்தில் அதைப் போடுமுன் யோசியுங்கள்.

இனி, வாசகர்கள் பலர் கேட்ட கேள்வி: ‘ஃபார்தர்’, ‘ஃபர்தர்’ இரண்டும் ஒன்றா? வயதில் மூத்தது ‘ஃபர்தர்’. அது ‘முன்னோக்கி’ என்று பொருள்படும் ‘ஃபோர்த்’தின் உறவு. ‘ஃபார்தர்’ பிற்பாடு அதிலிருந்து கிளைத்து, ‘ஃபார்’ என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டது. நடந்து கடக்கும் தொலைவுக்கு ‘ஃபார்தர்’, மற்றதற்கெல்லாம் ‘ஃபர்தர்’ என்று அமெரிக்க இலக்கண நூல்கள் பிரித்துச் சொல்கின்றன. பிரிட்டனில் தொலைவுக்கும் ‘ஃபர்தர்’ என்றே பெரும்பாலும் சொல்கிறார்கள். ஆனால் ‘மேற்கொண்டு’, ‘கூடுதலாக’ என்ற பொருளில் எழுதும்போது ‘ஃபர்தர்’ மட்டுமே சரி. மேற்படிப்பு ‘ஃபர்தர் ஸ்டடீஸ்’. மறு அறிவிப்பு வரும்வரை என்பது ‘அன்டில் ஃபர்தர் நோட்டீஸ்’. குழப்பம் வந்தால் ‘ஃபர்தர்’ என்றே எழுதுங்கள், பெரும்பாலும் தவறாகாது.

ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருந்தால் ஆங்கிலத்தில் ‘எ ஃபார் க்ரை’ என்பார்கள். ‘க்ரை’ இங்கே அழுகை அல்ல, கூவல். ஸ்காட்லாந்தில் பழமொழியாக வழங்கிய இத்தொடரை வால்டர் ஸ்காட் 1817-இல் வெளிவந்த ‘ராப் ராய்’ நாவலில் எடுத்தாண்டார். குரல் எட்டும் தொலைவைக் கொண்டு வழியை அளந்த காலத்தின் எச்சம் இது என்பார்கள். நமக்கு இதைப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ‘வீடு கூப்பிடு தூரம்தான்’ என்று இன்றும் சொல்கிறோம். பழந்தமிழ் நீட்டலளவையில் ‘கூப்பீடு’ என்றே ஓர் அளவு உண்டு. நான்கு கூப்பீடு ஒரு காதம்.

தூரத்தை விட்டு அருகே வந்தால், ‘நெக்ஸ்ட்’ என்ற சொல்லுக்கு முதற்பொருள் ‘மிக அருகில் உள்ளது’. நம் ‘அடுத்த’ என்ற சொல்லும் நெருங்குதலைக் குறிக்கும் ‘அடு’விலிருந்து வந்ததுதான்.

ஆங்கிலச் சொல் ஒன்று புரியாமல் நிற்கும்போது உடனே அகராதியைத் தேடாதீர்கள். உங்கள் அம்மா இதை எப்படிச் சொல்வார் என்று முதலில் நினைத்துப் பாருங்கள். அடுத்த வாரம் வருவதற்குள், ‘ஃபார்’ வரும் பத்து வரிகளை நாளிதழில் அடிக்கோடிட்டு, அது தூரமா, காலமா, அளவா என்று பக்கத்தில் எழுதிவையுங்கள்.