வீக்கம் ஒன்று, காரணம் பல

மாலையிற் செருப்பின் வார் காலில் அழுந்திப் பதிதலும், காலையிற் கண்ணிமை தடித்திருத்தலும் நாம் காண்பனவே. இரண்டையும் ‘வீக்கம்’ என்னும் ஒரு சொல்லாற் குறிக்கின்றோம். அச்சொல் தோற்றத்தைக் காட்டுமேயன்றிக் காரணத்தைக் காட்டாது.

குருதி மயிர்க்குழாய்களினூடாகப் பாயும்போது, அதன் அமுக்கத்தால் நீரின் ஒரு பகுதி கசிந்து இழையங்களின் இடைவெளிகளைச் சேர்கின்றது. குருதியிலுள்ள அல்புமின் என்னும் புரதம் நீரை உள்ளே ஈர்த்து நிறுத்த முயல்கின்றது. எஞ்சிய நீரை நிணநீர்க்குழாய்கள் திரட்டி மீண்டும் குருதியிற் சேர்க்கின்றன. அமுக்கமும் ஈர்ப்பும் எதிரெதிர் நிற்கும் இவ்வொழுங்கை ஆங்கில அறிஞர் ஏர்ணெஸ்ற் ஸ்ராலிங் 1896 இல் விளக்கினார். கசிவும் மீட்சியும் ஒத்திருக்கும்வரை வீக்கமில்லை. சமநிலை குலைந்தால் நீர் தேங்கும்.

குலைவு எங்கே நேர்ந்தது என்பதே வினா. இருதயம் தளர்ந்தால் நாளங்களிற் குருதி தேங்க, அமுக்கம் மிகுந்து பாதம் வீங்கும். நுரையீரலில் நீர் கோத்தால் மல்லாந்து படுக்க இயலாது மூச்சு முட்டும். சிறுநீரகம் பழுதுற்றால் அல்புமின் சிறுநீருடன் கழியும். உப்பும் நீரும் உடலிற் தங்கும். ஈரல் கெட்டால் அல்புமின் உண்டாவது குறையும். வயிற்றில் நீர் சேர்ந்து மகோதரமாகும். நெடுநேரம் நிற்போர்க்கும் மாலையிற் கால் வீங்குதல் உண்டு. காலை உயர்த்திப் படுக்க அது பெரும்பாலும் தணியும்.

நிணநீர்க்குழாய்கள் சிதைவதால் வருவது யானைக்கால். நுளம்பு பரப்பும் நுண்புழுவே அதன் காரணம். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்னும் நிலையிலிருந்து இலங்கை இந்நோயை நீக்கிவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2016 இல் ஏற்றுக்கொண்டது. எனினும், முன்பே சிதைந்த குழாய்கள் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. அக்காலை நாள்தோறும் கழுவி, ஈரம் போகத் துடைத்து, சிறு புண்ணும் வாராது காத்தல் வேண்டும்.

வீங்கிய இழையத்துக்கு ஒட்சிசன் செவ்வனே சென்றடைவதில்லை; ஆதலாற் புண் ஆறத் தாமதிக்கும், கிருமிகள் எளிதிற் புகும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி நோவெடுப்பின், நாளத்திற் குருதி உறைந்திருத்தல் கூடும். உறைந்த கட்டி நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து. அத்தகைய வீக்கமோ, மூச்சுமுட்டலோ கண்டால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

அயலார் உண்ணும் நீர் போக்கும் குளிசையைத் தாமாகவே வாங்கி உண்போர் உளர். வீக்கம் வற்றலாம், காரணம் மறைந்து வளரும். நோயின் முதலை ஆராய்ந்த பின்னரே மருந்து என்பது வள்ளுவர் காட்டிய நெறி. வீக்கத்துக்கும் அதுவே பொருந்தும்.