கருவியும் குழந்தையும்: சேலம், நாமக்கல் சமவெளியில் பள்ளியின் எதிர்காலம்

பள்ளியின் எதிர்காலத்தைக் குறித்துப் பேசுவோர் இன்று பெரும்பாலும் கருவிகளைக் குறித்தே பேசுகின்றனர். செல்பேசி, கணிப்பொறி, செயற்கை நுண்ணறிவு ஆகியன ஆசிரியரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளுமா என்னும் வினா, நம் போதகர் கூட்டங்களிலும் எழுகின்றது. சிலர் இவற்றை வரமென வரவேற்கின்றனர். சிலர் சாபமென அஞ்சுகின்றனர். இவ்விரு நிலைகளுக்கும் முன்னதாகக் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு. ஒரு கருவி பள்ளிக்குள் நுழையும்போது, அது குழந்தையை யாராகக் காண்கிறது? சேலம், நாமக்கல் சமவெளியின் பட்டறிவைக் கொண்டு இவ்வினாவை ஆராய முற்படுவோம்.

1. கருவி நமக்குப் புதிதன்று

சுருளேடுகள் பெருவழக்காயிருந்த காலத்தில், தாள்களை மடித்துத் தைத்த நூல்வடிவைத் தொடக்கக்காலக் கிறிஸ்தவர் விரும்பி ஏற்றனர். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க், ஓலையில் எழுதிய மக்களிடையே பணியாற்றினார். 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்து சேர்ந்தன. 1715இல் புதிய ஏற்பாடு அச்சில் நிறைவுற்றது. கருவியை அஞ்சி ஒதுக்குவது நம் மரபன்று.

ஆயினும் கருவிக்கு இரு முகங்கள் உண்டு. 1789இல் சென்னை எழும்பூரில், படைவீரரின் ஆண்பிள்ளைகளுக்கான அனாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்ற குருவானவர் ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையோடு அதனை இணைத்து, 1797இல் இலண்டனில் அறிக்கையாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' எனப் பெயர்பெற்ற இம்முறையால், ஒரே ஆசிரியரைக் கொண்டு ஏழைப் பிள்ளைகள் பலருக்கு எழுத்தறிவிக்க இயன்றது. அதே முறை, பெரிய மண்டபங்களில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கட்டளைக்கேற்ப ஒப்பிக்கச் செய்யும் இயந்திரமாகவும் ஆயிற்று. இதனால் திண்ணைப் பள்ளியைப் பொற்காலமெனப் புனைந்துரைக்க வேண்டியதில்லை. அத்திண்ணையில் ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமிருந்ததில்லை.

2. முறையே கருவியான கதை

1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், முட்டைக்கும் லாரிக்கும் பெயர்பெற்றது. இம்மாவட்டத்தில் விடுதியோடு கூடிய தனியார் மேனிலைப்பள்ளிகள் பெருகின. மாநிலத்தின் பல பகுதிகளிலிருந்தும் பெற்றோர் தம் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தனர். 'பிராய்லர் பள்ளிகள்' என மக்கள் இவற்றிற்கு இட்ட பெயர் வெறும் ஏளனமன்று. கறிக்கோழி குறித்த நாளில் குறித்த எடையை எட்ட வேண்டும். தீவனம் அதற்கென்றே அளந்து தரப்படும். அவ்வாறே பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவைத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டுகள் ஓயாத தேர்வுகளால் மனத்தில் பதியவைக்கும் வழக்கம் பரவியது. இங்கே திரையோ கணிப்பொறியோ முதன்மை பெறவில்லை, முறையே கருவியாயிற்று.

பெற்றோரை நாம் பழித்தல் தகாது. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை 2007 முதல் 2016 வரை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே நடைபெற்றது. மதிப்பெண்ணே வாயிலாக இருந்தபோது, அவ்வாயிலை நோக்கி மக்கள் ஓடியதில் வியப்பில்லை. 2017இல் 'நீட்' தேர்வு வந்தது. அதே ஆண்டில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை மாநில அரசு கைவிட்டது. வாயில் மாறியது, ஓட்டம் நிற்கவில்லை. முன்பு விடுதியில் நடந்த பயிற்சி, பயிற்சி மையத்திற்கும் செல்பேசித் திரைக்கும் இடம்பெயர்ந்தது. குழந்தையைக் குறித்த பார்வை மாறாதவரை, கருவியின் மாற்றம் சீர்திருத்தமாகாது என்பதே இதனால் நாம் கற்கும் பாடம்.

3. ஒரு செல்பேசியின் கதை

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, கருவிகள் ஓரளவு ஆயத்தமாகவே இருந்தன. பாடநூல்களில் க்யூ.ஆர். குறியீடுகள் இடம்பெற்றிருந்தன, 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டிருந்தது. ஆயின் நம் சபைக் குடும்பமொன்றில் நிகழ்ந்தது வேறு. தந்தை திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று லாரியில் வேலைக்காக வடமாநிலம் சென்றிருந்தார். வீட்டின் ஒரே செல்பேசி அவரிடம் இருந்தது. தாய் விசைத்தறியில் வேலை செய்தார். எட்டாம் வகுப்புப் பயின்ற மகளுக்குப் பாடம் எட்டவில்லை.

சபையார் காணிக்கை சேர்த்துப் பழைய செல்பேசியொன்றை வாங்கித் தந்தோம். நம் கடமை முடிந்ததெனவும் எண்ணினோம். இரு மாதங்கள் கழித்துச் சென்றபோது, செல்பேசி தம்பியின் கையில் விளையாட்டுப் பொருளாயிருந்தது. அச்சிறுமி தறிக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். "பாடம் ஓடுதுங்கய்யா, ஆனா நான் புரிஞ்சுக்கிட்டேனான்னு அது கேக்கறதில்லீங்களே" என்றாள். கருவியைக் கொடுத்த நாம், ஆளைக் கொடுக்கவில்லை. இது நம் குற்றம்.

அவளை மீட்டது மற்றொரு செயல். 2021இல் அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டத்தில், அதே தெருவைச் சேர்ந்த பட்டதாரிப் பெண்ணொருத்தி தன்னார்வலராகச் சேர்ந்து, மாலைதோறும் பிள்ளைகளைக் கூட்டி அமர்த்தினாள். அதே செல்பேசி அங்கு நடுவில் வைக்கப்பட்டது. சுற்றிலும் பிள்ளைகள் இருந்தனர். கேட்பதற்கு ஒருத்தி இருந்தாள். தார் சுற்றிய சிறுமி மீண்டும் பள்ளி சென்றாள்.

4. திருமறை நோக்கு

கோலியாத்தை எதிர்க்கச் சென்ற தாவீது, சவுல் அணிவித்த போர்க்கவசத்தைத் தனக்குப் பழக்கமில்லாதது எனக் களைந்தான் (1 சாமு. 17). அவன் கருவியையே வெறுத்தவன் அல்லன், கவணும் கருவியே. தன் கைக்கும் பணிக்கும் பொருந்துவதை அவன் தெரிந்துகொண்டான். பவுல் சிறையிலிருந்து தோற்சுருள்களைக் கேட்டனுப்பினார் (2 தீமோ. 4), அதே கடிதத்தில் தீமோத்தேயுவை நேரில் வரும்படியும் வேண்டினார். எழுத்து ஆளுக்கு ஈடாகவில்லை. ஆண்டவரோ, யார் பெரியவன் என வாதிட்ட சீடர் நடுவே ஒரு குழந்தையை நிறுத்தி, அதனை அணைத்துக்கொண்டார் (மாற்கு 9). தரவரிசை பேசியோர்க்கு அவர் அளித்த விடை அதுவே. வார்த்தை மாம்சமாயிற்று என அறிக்கையிடும் நாம், கற்பித்தலும் ஓர் ஆளின் உடனிருப்பை நாடுகின்றது என்பதை மறத்தலாகாது.

5. நம் பொறுப்பு

மூன்று கடமைகளைச் சுட்டுவோம். முதலாவது, ஞாயிறன்று மட்டும் திறக்கப்பெறும் நம் சபை மன்றங்கள், மாலைதோறும் சாதி, சமய வேறுபாடின்றித் தெருப்பிள்ளைகள் அனைவர்க்கும் திறக்கப்பட வேண்டும். அங்கே விளக்கும் கருவியும் மட்டுமன்றி, உடன் அமரும் ஒருவரும் இருத்தல் வேண்டும். இரண்டாவது, ஆசிரியர் இடம் காலியாயிருக்கையில் மின்திரை வாங்கியதை நம் பள்ளிகள் பெருமையாக விளம்பரப்படுத்தலாகாது. செயற்கை நுண்ணறிவு நொடியில் விடை தரும் காலத்தில், அவ்விடையை எவ்வாறு அடைந்தாய் எனக் கேட்கும் ஆசிரியரின் தேவை மிகுகின்றதேயன்றிக் குறையவில்லை. மூன்றாவது, மே மாதத்தில் மிகுந்த மதிப்பெண் பெற்றோரை மட்டும் பீடத்தின் முன் அழைத்துப் பாராட்டும் வழக்கத்தை நாம் மறுபரிசீலனை செய்தல் நலம். தேர்வில் தவறிய பிள்ளை, அந்த ஞாயிறன்று எங்கே அமர்ந்திருக்கிறது என்பதை ஆயர் அறிந்திருக்க வேண்டும்.

பள்ளியின் எதிர்காலம் எந்தக் கருவியில் அடங்கியுள்ளது என நம்மிடம் கேட்போர்க்கு, அக்கருவியின் அருகில் யார் அமர்ந்திருக்கிறார் எனத் திருப்பிக் கேட்போமாக. அவ்விடம் வெறுமையாயிருப்பின், அதில் நாமே சென்று அமர்வோமாக.