சுறா கடலுக்கு, அறுந்த வலை யார் கணக்கில்?

புது தில்லி: விசாகப்பட்டினம் அருகே தந்தடி கடற்கரையில் 2021 டிசம்பரில் மீனவர் வலையில் சிக்கிக் கரை சேர்ந்த திமிங்கலச் சுறாவின் எடை சுமார் 2 டன். வனத்துறையினரும் மீனவர்களும் சேர்ந்து அதை உயிருடன் கடலுக்குள் அனுப்பினர்.

இது எளிதன்று. செவுளில் நீர் ஓடாவிட்டால் சுறாவுக்கு மூச்சில்லை. குருத்தெலும்பு உடல் மணலில் தன் எடையைத் தாங்காது. வாலில் கயிறு கட்டி இழுத்தால் காயம்படும். அலைநீரிலேயே நிறுத்தி வலையை அறுப்பதே வழி. அறுபடுவதோ மீனவரின் முதல்.

2001 மே மாதம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இம்மீன் சேர்க்கப்பட்டது. வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் குறைந்தபட்ச அபராதத்தை ரூ.25,000 ஆக்கியது. தண்டனையை இத்தனை துல்லியமாக வரையறுத்த சட்டம், விடுவிப்பவரின் வலையைப் பற்றிப் பேசவில்லை.

குஜராத்தில் 2004-ல் தொடங்கிய பிரசாரத்தில், ஆன்மிகச் சொற்பொழிவாளர் மொராரி பாபு இச்சுறாவைப் பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் என்றார். மீனவர் மனம் இளகியது உண்மை. ஆனால் வலைக்கு மாநில வனத்துறை நிவாரணம் தந்ததே அதை நிலைநிறுத்தியது. மீனவரே எடுக்கும் புகைப்படம் அங்கு சான்றாக ஏற்கப்படுகிறது. பிற கடலோர மாநிலங்களில் இந்த நிவாரணம் அந்தந்த அரசின் முடிவைப் பொருத்தது.