சால்சா: மூணாவது மாசத்துல ஏன் நின்னுடறோம்?

இந்த எபிசோடு சால்சா கத்துக்கறவங்களுக்கும், கத்துக்க ஆரம்பிச்சு பாதியில விட்டவங்களுக்கும். என் கூட முடிச்சூர்ல இருந்து கிளாஸுக்கு வந்த நண்பன் மூணாவது மாசம் நின்னுட்டான். ஏன்டான்னு கேட்டா, "நமக்கெல்லாம் ரிதம் உடம்புலயே இல்ல மச்சி"ன்னான். இத்தனைக்கும் திருவிழாவுல பறை அடிச்சா முதல் ஆளா இறங்கி ஆடறவன் அவன். அப்படிப்பட்டவனையே ரிதம் இல்லைன்னு நம்ப வச்சது எது? இன்னைக்கு அதைத்தான் பிரிச்சுப் பாக்கப் போறோம்.

முதல்ல கணக்கு

சால்சா 8 எண்ணிக்கையில ஓடுது. 1, 2, 3-ல மூணு அடி, 4-ல அடி கிடையாது. 5, 6, 7-ல மறுபடி மூணு அடி, 8-ல கிடையாது. லீட் பண்றவர் 1-ல இடது காலை முன்னாடி வைப்பார், 5-ல வலது காலைப் பின்னாடி வைப்பார். ஃபாலோ பண்றவருக்கு இது அப்படியே கண்ணாடியில பாக்குற மாதிரி. இதுதான் பேசிக். பத்து நிமிஷத்துல புரிஞ்சிடும்.

புரியறதுக்கும் ஆடறதுக்கும் நடுவுலதான் மாசக்கணக்கு இருக்கு. நிமிஷத்துக்கு 180 பீட் இருக்கற ஒரு பாட்டை எடுத்துக்கோங்க, சால்சாவுல இது ரொம்ப சாதாரண வேகம். ஒரு பீட்டுக்கு வினாடியில மூணுல ஒரு பங்குதான் கிடைக்கும். 8 எண்ணி முடிக்க மூணு வினாடி கூட ஆகாது. அதுக்குள்ள எந்தக் கால், எடை எந்தப் பக்கம், கை எங்கே, பார்ட்னர் எங்கே, பாட்டு எங்கே போகுதுன்னு எல்லாத்தையும் யோசிச்சு முடிவெடுக்க யாராலயும் முடியாது. அதனால இதுல பெரும்பகுதி, யோசிக்காமலே நடக்கற நிலைக்குப் போயாகணும்.

பால் ஃபிட்ஸ், மைக்கேல் போஸ்னர்னு ரெண்டு உளவியலாளர்கள் 1967-ல வந்த புத்தகத்துல இதை மூணு கட்டமா பிரிச்சாங்க. முதல் கட்டத்துல ஒவ்வொரு அசைவையும் மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பண்ணுவோம். ரெண்டாவதுல தப்பு குறையும், ஆனா கவனம் தேவைப்படும். மூணாவதுல அது தானா ஓடும். பைக் ஓட்டப் பழகினவங்களுக்கு இது தெரியும். முதல் வாரம் கிளட்ச்சைத் தவிர வேற எதுவும் கண்ணுல படாது. அப்புறம் ஒருநாள் முடிச்சூர் ரோட்டு டிராஃபிக்ல பாட்டு முணுமுணுத்துக்கிட்டே போயிட்டிருப்போம்.

ஏறினது ஏன் இறங்குது?

இப்போ நண்பன் கதைக்கு வருவோம். ரெண்டாவது மாசம் அவனுக்கு பேசிக் தனியா நல்லாவே வந்தது. அடுத்து பார்ட்னர் கையைப் பிடிச்சு ஆடச் சொன்னாங்க, கால் குழம்புச்சு. அது சரியாகற நேரத்துல ஒரு வலது டர்ன் வந்தது, பேசிக் மறுபடி போச்சு. அது கொஞ்சம் பிடிபட்டதும் எண்ணாம பாட்டைக் கேட்டு ஆடுங்கன்னாங்க. மொத்தமும் போச்சு. போன மாசம் வந்தது இந்த மாசம் வரலன்னா, யாரா இருந்தாலும் "எனக்கு இது வராது"ன்னுதான் முடிவுக்கு வருவாங்க.

அவனோட பேசிக் எங்கயும் காணாமப் போகல. அது இன்னும் ரெண்டாவது கட்டத்துல இருந்தது, ஓடறதுக்குக் கவனம் கேட்டது. புதுசா வந்த டர்ன் அந்தக் கவனத்தைப் பிடுங்கிக்கிச்சு. ரேம் பத்தாத லேப்டாப்புல இன்னொரு சாஃப்ட்வேரைத் திறந்தா, ஏற்கெனவே ஓடிட்டு இருக்கறதும் திணறுமே, அந்த மாதிரி. சால்சா கத்துக்கறதுல ஒவ்வொரு புது விஷயம் சேரும்போதும் பழசு கொஞ்சம் சரியும். சொல்லித்தர்றவங்களுக்கு இது பழகிப்போன விஷயம். கத்துக்கறவனுக்கு மட்டும்தான் அது தன்னோட உடம்பைப் பத்தின தீர்ப்பு மாதிரி கேக்குது.

நம்ம ஊருல இதுக்கு ஒரு முறை இருக்கு

பரதநாட்டியத்துல அடவுகளை எப்படிச் சொல்லித்தர்றாங்கன்னு பாருங்க. முதல்ல தட்டடவு. அரைமண்டியில உக்காந்து காலைத் தட்டறது, அவ்வளவுதான். டீச்சர் தட்டுக்கழியால தாளம் தட்டுவாங்க. அதே அடவை மூணு காலத்துல பண்ணணும்: ரெண்டாம் காலம் முதல் காலத்தை மாதிரி ரெண்டு மடங்கு வேகம், மூணாம் காலம் நாலு மடங்கு. ருக்மிணி தேவி 1936-ல ஆரம்பிச்ச கலாக்ஷேத்ராவுல இருந்து தாம்பரம் பக்கம் மாடி ரூம்ல நடக்கற கிளாஸ் வரைக்கும் அடித்தளம் இதுதான். எங்க தெருவுல ஒரு பாப்பா மாசக்கணக்கா தட்டடவுதான் பண்ணிட்டிருக்கா. "எப்போ டான்ஸ் ஆடுவே?"ன்னு அவளை யாரும் கேக்கறதில்ல. ஏன்னா இதுக்கு வருஷக்கணக்குல ஆகும்னு அவங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்.

நாம 27, 28 வயசுல, வேலை முடிஞ்சு, காசு கட்டி, தாம்பரத்துல லோக்கல் ட்ரெயின் ஏறி சிட்டிக்குள்ள போறோம். அதனால பன்னிரண்டு கிளாஸ் முடிஞ்சா பன்னிரண்டு கிளாஸ் அளவுக்கு வரணும்னு எதிர்பார்க்கிறோம். ஒரு அடவுக்குக் கொடுக்கற பொறுமையை நம்ம காலுக்குக் கொடுக்க மாட்டேங்கறோம்.

சால்சா உலகத்துலயும் இதுக்கு சாட்சி இருக்கு. கியூபாவோட சோன், மாம்போ இசையெல்லாம் நியூயார்க்ல கலந்து வந்ததுதான் சால்சா. எடி டோரஸ் அந்த ஊர் கிளப்புகள்ல பாத்துப் பாத்து, ஆடி ஆடிக் கத்துக்கிட்டவர். அப்புறம் ஜூன் லபெர்ட்டாங்கற பால்ரூம் ஆசிரியை மூலமாதான் அதை எண்ணிக்கையா பிரிச்சுச் சொல்லித்தர்ற முறைக்கு வந்தார். அவருக்கு முதல்ல காது, அப்புறம் எண்ணிக்கை. நமக்கு முதல்ல எண்ணிக்கை, அப்புறம்தான் காது. இளையராஜாவும் ரஹ்மானும் கேட்டு வளர்ந்த காது அந்தப் பாட்டுல 1 எங்கேன்னு கண்டுபிடிக்க நாள் ஆகத்தான் செய்யும்.

எதை வச்சு அளக்கறது?

1959-ல கிராஸ்மன்னு ஒரு ஆய்வாளர், சுருட்டு செய்யற தொழிலாளிகளோட வேகத்தைப் பத்தி எழுதினார். லட்சக்கணக்குல சுருட்டு செஞ்ச பிறகும் அவங்க வேகம் கூடிக்கிட்டேதான் இருந்தது. ஆரம்பத்துல வேகமா கூடும், போகப் போக கூடற அளவு சின்னதாகும். அப்படிச் சின்னதாகற இடத்துல நாம "நின்னு போச்சு"ன்னு நினைச்சுக்கறோம்.

அதனால நான் எனக்கு ஒரு அளவு வச்சிருக்கேன். எத்தனை ஸ்டெப் தெரியும்னு எண்ணறதில்ல. இந்த மாசம் எதை யோசிக்காம பண்றேன்னு மட்டும் பாக்கறேன். ரெண்டாவது மாசம் எந்தக் கால் முதல்லங்கறதை யோசிக்கறது போச்சு. அஞ்சாவது மாசம், ஆடிக்கிட்டே பார்ட்னர்கிட்ட "தண்ணி குடிச்சுட்டு வரலாமா?"ன்னு கேட்டேன், கால் பாட்டுக்கு ஓடிட்டிருந்தது. அன்னைக்குப் புது ஸ்டெப் எதுவும் கத்துக்கல. ஆனா எனக்கு அதுதான் பெரிய முன்னேற்றம்.

செய்ய வேண்டியது மூணே விஷயம்.

ஒண்ணு, ஞாயித்துக்கிழமை மொத்தமா ரெண்டு மணி நேரம் ஆடறதை விட தினம் பத்து, பன்னிரண்டு நிமிஷம். இடைவெளி விட்டுப் பழகறது நல்லா நிக்கும். 180 பீட் வேகத்துல 4 நிமிஷப் பாட்டுல 90 பேசிக் அடங்கும். தினம் மூணு பாட்டுன்னா 270, 30 நாள்ல 8,100. மொட்டை மாடி போதும்.

ரெண்டு, மெதுவான பாட்டுல ஆரம்பிங்க. முதல் காலம் சரியா வராம மூணாம் காலம் வராது.

மூணு, மாசத்துக்கு ஒரு தடவை மட்டும் வீடியோ எடுங்க. தினம் எடுத்துப் பாத்தா வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, மனசுதான் உடையும்.

நண்பன் இன்னும் கிளாஸுக்குத் திரும்பல. இந்த எபிசோடை அவனுக்குத்தான் முதல்ல அனுப்பப் போறேன். உங்களுக்கும் அப்படி ஒருத்தர் இருந்தா அனுப்புங்க. இன்னைக்கு ராத்திரி ஒரே ஒரு பாட்டு, வெறும் பேசிக். அடுத்த எபிசோடுல பாப்போம்!