குடவோலையும் குடியுரிமையும்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரைப் பார்த்திருக்கிறீர்களா? முதலாம் பராந்தக சோழன் காலத்தில், சுமார் 921-ம் ஆண்டில், ஊர்ச் சபைக்கு அங்கத்தினர்களைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் விதிகளை அதிலே பொறித்தார்கள். வயது 35-க்கு மேல், 70-க்குள், வரி கட்டும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி. கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. குடத்திலே யார் பெயர் விழலாம்? அதுதான் அன்றைய கேள்வி.

ஏறக்குறைய ஆயிரம் வருஷம் கழித்து, அமெரிக்காவிலும் இதே கேள்வி எழுந்தது. ஆலைகளும் ரயில் பாதைகளும் பெருகப் பெருக, அங்கே ஆள் தேவைப்பட்டது. நியூயார்க் எல்லிஸ் தீவு வழியாக 1892 முதல் 1954 வரை சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர் வந்து இறங்கினார்கள், பெரும்பாலோர் ஐரோப்பியர். ஆசியருக்கோ கதவு அடைபட்டது: 1882-ல் சீனத் தொழிலாளருக்கு, 1917-ல் இந்தியருக்கும்.

பகத்சிங் திந்த் என்ற பஞ்சாபி முதல் உலக யுத்தத்தின்போது அமெரிக்கப் பட்டாளத்தில் சேவை செய்தவர். ஆயினும், அவர் வெள்ளையர் அல்லர், பிரஜையாக முடியாது என்று 1923-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. துப்பாக்கி பிடித்த கைக்கு ஓட்டுச் சீட்டு இல்லையாம்!

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின், 1946-ல் சட்டம் மாறியது. வருஷத்துக்கு 100 இந்தியர் குடியேறலாம், பிரஜையும் ஆகலாம். பஞ்சாபில் பிறந்த தலீப்சிங் சவுந்த் 1949-ல் பிரஜையானார். 1956-ல் அமெரிக்கக் காங்கிரஸுக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இதற்குள் நம் குடமும் அகன்றுவிட்டது. 1952-ல் நம் நாட்டின் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது, காணி நிலமில்லாத கூலியாளுக்கும், வீட்டுக்குள்ளேயே இருந்த பெண்ணுக்கும், 21 வயது நிரம்பியிருந்தால் ஓட்டு உண்டு. அந்தக் கல்வெட்டு கேட்ட நிலத்தையும் வேதத்தையும் யாரும் கேட்கவில்லை.